போர் முடிந்த பிறகு வரும் மழை

2023 செப்டம்பர் 10ஆம் தேதி இரவு, விடிவதற்குள், லிபியாவின் டெர்னா நகரத்துக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் அடுத்தடுத்து உடைந்தன. மத்தியதரைக் கடலில் உருவான 'டேனியல்' புயல் அங்கே கரையேறியிருந்தது. டெர்னாவுக்கு மேற்கே உள்ள அல் பைதா ஊரில் ஒரே நாளில் 414 மில்லிமீட்டர் மழை பதிவானது. மேல் அணை உடைந்து, அந்தத் தண்ணீர் கீழ் அணையையும் அடித்துக்கொண்டு, ஊரின் நடுவே ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றுப்படுகை வழியாக இறங்கியது. அடுக்குமாடி வீடுகள் உள்ளே தூங்கியவர்களோடு சேர்ந்து கடலுக்குள் போயின. உறுதிசெய்யப்பட்ட இறப்பு மட்டும் 4,000ஐத் தாண்டியது. காணாமல் போனவர்கள் மேலும் பல ஆயிரம் பேர்.

அந்த அணைகள் மீது யாரும் குண்டு போடவில்லை. நீண்ட போர் சுற்றுச்சூழலை என்ன செய்கிறது என்று யோசித்தால் எரியும் எண்ணெய்க் கிணறும் கருகிய காடும்தான் முதலில் மனதுக்கு வருகின்றன. அவை உண்மைதான். 1991இல் குவைத்தில் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் கொளுத்தப்பட்டன, கடைசி நெருப்பை அணைக்க நவம்பர் ஆனது. வியட்நாமில் 1961 முதல் 1971 வரை அமெரிக்கா தெளித்த களைக்கொல்லிகள் அலையாத்திக் காடுகளை மொட்டையாக்கின. ஆனால் கண்ணில் படாத இன்னொரு சேதம் இருக்கிறது: போர் நடக்கிற ஆண்டுகளில் செய்யாமல் விட்டுப்போன வேலைகள். டெர்னாவைக் கொன்றது அதுதான்.

அந்த இரண்டு அணைகளையும் 1970களில் ஒரு யூகோஸ்லாவிய நிறுவனம் கட்டியது. காலப்போக்கில் விரிசல் கண்டன. 2007இல் பழுதுபார்க்கும் பணி ஒரு துருக்கி நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. வேலை தொடங்கியது 2010இல். 2011இல் கிளர்ச்சி வெடித்தது. ஆட்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள், வேலை அப்படியே நின்றது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் பராமரிப்புக்கு ஒதுக்கிய பணம் செலவிடப்படவே இல்லை என்று பிறகு அரசுத் தணிக்கை சொன்னது. டெர்னா ஐஎஸ் அமைப்பின் பிடியில் சிக்கியது, பிறகு கிழக்கு லிபியப் படைகளின் முற்றுகைக்குள் போனது. திரிபோலியில் ஓர் அரசு, கிழக்கில் இன்னோர் அரசு. 2022இல் ஒமர் அல் முக்தார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீரியல் ஆய்வாளர் ஒருவர், பெருவெள்ளம் வந்தால் இந்த அணைகள் நகரத்தை அழித்துவிடும் என்று எழுதினார். அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு வேலை செய்ய ஓர் அலுவலகம் உருப்படியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

புயல் வருவது தெரிந்திருந்தது. ஆனாலும் வீட்டை விட்டுப் போங்கள் என்று ஓர் அறிவிப்பு, வீட்டிலேயே இருங்கள் என்று இன்னோர் அறிவிப்பு. சரியான எச்சரிக்கை அமைப்பு இருந்திருந்தால் இறந்தவர்களில் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றியிருக்க முடியும் என்று உலக வானிலை அமைப்பின் தலைவர் அப்போதே சொன்னார். இதே டேனியல் புயல் சில நாள் முன்பு கிரீஸையும் தாக்கியது. அங்கே ஸாகோரா என்ற இடத்தில் ஒரு நாளில் 700 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. இறந்தவர்கள் 17 பேர். நிலம் வேறு, ஊர்கள் அமைந்த விதம் வேறு, இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துவிட முடியாது. இருந்தாலும் ஒரு நாட்டில் பத்துக் கணக்கில் நிற்கிற சாவு இன்னொரு நாட்டில் ஆயிரக் கணக்கில் போனதற்கு வானம் மட்டும் காரணம் இல்லை. கிழக்கு லிபியாவில் பெய்த அந்த மழைக்கான வாய்ப்பைப் புவி வெப்பமடைதல் 50 மடங்கு வரை கூட்டியிருக்கலாம் என்று 'வேர்ல்ட் வெதர் ஆட்ரிபியூஷன்' விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். மழையைப் பருவநிலை மாற்றம் பெரிதாக்கியது, அதைத் தாங்க வேண்டிய சுவரைப் போர் பலவீனமாக்கியது.

இங்கேதான் 'காலநிலைத் தாங்குதிறன்' என்ற கருத்து வருகிறது. புயலோ வறட்சியோ வந்தால் அடியை வாங்கிக்கொண்டு, உயிர்களைக் காப்பாற்றி, திரும்ப எழுந்து, அடுத்த முறைக்கு ஓரளவு தயாராக இருக்கும் திறன். அது ஓரிடத்தில் இருக்கிற பொருள் அல்ல. காற்றைத் தடுக்கும் மரத்திலும் மழையைப் பிடிக்கும் குளத்திலும் கொஞ்சம் இருக்கிறது. வங்கிக் கணக்கிலும் மாட்டுத் தொழுவத்திலும் கொஞ்சம் இருக்கிறது. மழைமானியைத் தினமும் பார்த்து எழுதும் அலுவலரிடமும், எந்த வாய்க்கால் எங்கே அடைக்கும் என்று தெரிந்த ஊர்ப் பெரியவரிடமும், 'தண்ணீர் வருகிறது, ஓடு' என்று சொன்னால் ஊரே நம்பக்கூடிய ஒரு குரலிடமும் கொஞ்சம் இருக்கிறது. நீண்ட போர் இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அரிக்கிறது.

2011இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் கடும் வறட்சி. சோமாலியா, எத்தியோப்பியா, கென்யா மூன்றிலும் மழை பொய்த்தது; ஆனால் ஐ.நா. பஞ்சம் என்று அறிவித்தது தெற்கு சோமாலியாவில் மட்டும்தான். 20 ஆண்டுகளாக அங்கே மைய அரசு என்று சொல்லும்படி ஒன்று இல்லை. அல் ஷபாப் என்ற ஆயுதக் குழு தன் பகுதிகளில் பல உதவி அமைப்புகளை உள்ளே விடவில்லை. சுமார் 2,60,000 பேர் இறந்ததாகப் பிறகு கணக்கிடப்பட்டது, பாதிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அந்த நாட்டின் வேல மரங்களோ கரியாக்கப்பட்டு வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. அந்தப் பணம் ஆயுதக் குழுக்களுக்குப் போகிறது என்பதால் 2012இல் ஐ.நா. பாதுகாப்பு அவை சோமாலியக் கரி ஏற்றுமதிக்கே தடை போட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இதற்கெல்லாம் ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. 1983 முதல் 2009 வரை போர் நடந்த இலங்கையின் வடக்கை எடுத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னியின் ஆறுகள் மழைக்காலத்து ஆறுகள். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதைப் பிடித்து வைத்தால்தான் மற்ற மாதங்களுக்குத் தண்ணீர். அதற்காகவே பெரிதும் சிறிதுமாக நூற்றுக்கணக்கான குளங்கள் இருக்கின்றன. மண்ணால் கட்டிய குளக்கட்டு, வயலுக்குத் தண்ணீர் விடும் துருசு, நிரம்பினால் மிச்சம் வழியும் வான், பிறகு வாய்க்கால்கள். பார்க்க எளிமையான ஏற்பாடு. ஆனால் ஆண்டுதோறும் கை வைக்காவிட்டால் கெட்டுவிடும். குளக்கட்டில் ஒரு வேப்பங்கன்று முளைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் கையாலேயே பிடுங்கிவிடலாம். பத்து ஆண்டு விட்டால் அதன் வேர் கட்டுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். அந்த மரம் பட்டுப்போய் வேர் உக்கினால், வேர் இருந்த இடம் ஒரு குழாய். குளம் நிரம்பும்போது தண்ணீர் அதன் வழியே கசியும். கசிவு மண்ணை அரிக்கும். ஒரு மழை இரவில் கட்டு உடைப்பெடுக்கும். கறையான் புற்றும் எலி வளையும் செய்வதும் இதே வேலையைத்தான். அதனால்தான் மழைக்கு முன்பு ஊர் கூடி கட்டைத் துப்புரவாக்கி, துருசைச் சரிபார்த்து, வாய்க்காலைத் தூர்வாருவது வழக்கமாக இருந்தது.

அப்புறம், தண்ணீரைப் பங்கிடும் வழக்கம். காலபோக நெல் மழையில் விளையும். சிறுபோகம் குளத்துத் தண்ணீரில் விளைய வேண்டும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எந்த முறை என்று கமக்காரர்கள், அதாவது விவசாயிகள், கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள வட்டவிதானை இருப்பார். மழை குறைந்த ஆண்டில் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் இந்தக் கூட்டத்தைவிட நல்ல வறட்சித் திட்டம் எந்தக் கணினியிலும் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

இப்போது அந்த ஊரை இடம்பெயர வையுங்கள். கிளிநொச்சி மக்கள் 1996இல் வெளியேறினார்கள், 2008இல் மறுபடியும் வெளியேறினார்கள். ஊர் இல்லாதபோது கன்றைப் பிடுங்க ஆளில்லை, கூட்டத்துக்கும் ஆளில்லை. ஊர் இருந்த காலத்திலும், புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் சிமெந்து, எரிபொருள், உரம் போகத் தடையோ கடும் கட்டுப்பாடோ இருந்தது. சிமெந்தில் காவலரண் கட்டலாம் என்பது ராணுவத்தின் கணக்கு. துருசைப் பழுதுபார்க்கவும் அதே சிமெந்துதான் வேண்டும். இதையெல்லாம் மீறி நீர்ப்பாசன அலுவலர்களும் கமக்காரர்களும் பல குளங்களை உயிரோடு வைத்திருந்தார்கள். இந்தக் கதையில் எனக்குப் பெரும் மரியாதை அவர்கள் மீதுதான்.

பனைக்கு நடந்தது வேறு வகை. பனை ஆழ வேரோடும், உப்புக் காற்றைத் தாங்கும், வறட்சியிலும் பதநீரும் கிழங்கும் தரும். யாழ்ப்பாணம் போன்ற தட்டையான, கடல் சூழ்ந்த நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது. அதன் மரக்குற்றி வைரம் பாய்ந்தது, எறிகணைத் துண்டுகளைத் தாங்கும். ஆகவே பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்கும் இரு தரப்பும் பனைகளைத் தறித்தார்கள். தறிக்காதவற்றில் பலவற்றை எறிகணைகள் கொன்றன. மா, வேம்பு போன்ற மரங்களில் கிளை முறிந்தால் இன்னொரு கிளை துளிர்க்கும். பனைக்கு உச்சியில் இருக்கும் ஒரே ஒரு குருத்துதான் உயிர். அது போனால் மரம் முழுவதும் போயிற்று. போர் முடிந்தபின் குடாநாட்டின் தென்மராட்சிப் பக்கம் போனவர்கள் தலையில்லாத பனைகள் வரிசையாக நின்றதை மறந்திருக்க மாட்டார்கள். இன்று விதை போட்டாலும் வடலியாகி, காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேண்டும்.

நிலத்துக்கு அடியிலும் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கும் மழைநீர், கீழே இருக்கும் உப்புநீர் மீது மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணறுகளில் வருவது அதுதான். மழையை உள்ளே விட ஊர்க் குளங்களும் கேணிகளும் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கத் தொண்டைமானாறு, அரியாலை தடுப்பணைகளின் கதவுகள் சரியாக இருக்க வேண்டும். போர் ஆண்டுகளில் கதவுகள் பழுதாகின, குளங்கள் தூர்ந்தன. கடல் மட்டம் உயர்ந்துவரும் காலத்தில் இந்த நல்ல தண்ணீர்ப் படலத்துக்கு உப்பு கீழிருந்தும் வருகிறது, பக்கத்திலிருந்தும் வருகிறது. நீர்மட்டம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று தொடர்ந்து அளந்து வைத்திருந்தால் இன்று திட்டமிடுவது எளிது. போர்க்காலத்தில் வடக்கின் பல நிலையங்களில் மழை, நீர்ப் பதிவுகள் ஆண்டுக்கணக்கில் விட்டுப்போயின. அணையைத் திரும்பக் கட்டலாம். அளக்காமல் விட்ட ஆண்டை இனி யாராலும் அளக்க முடியாது.

கண்ணிவெடி பற்றிச் சொல்லாமல் போக முடியாது. குடாநாட்டின் நுழைவாயிலில் உள்ள முகமாலையில் இரு தரப்பின் முன்னரங்குகளும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே இருந்தன. அங்கே தென்னந்தோப்புகளுக்குள் மிதிவெடிகள் நெருக்கமாகப் புதைக்கப்பட்டன. அதை அகற்றும் வேலையில் வடக்குப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, மண்டியிட்டு, பல் வைத்த இரும்பு வாரியால் மண்ணை மெல்ல மெல்ல வறண்டி எடுக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் ஒருவர் முடிப்பது சில சதுர மீட்டர்தான். வெடி இருக்கும் நிலத்தில் கிணறு வெட்ட முடியாது, வாய்க்கால் தோண்ட முடியாது, கன்று நட முடியாது. வெள்ளம் வந்தால் வெடி இடம் மாறியும் போகும். 2014இல் பொஸ்னியாவில் வெள்ளமும் மண்சரிவும் பழைய போரின் கண்ணிவெடிகளை இழுத்துப் போய், முன்பு அடையாளமிட்ட எல்லைகளுக்கு வெளியே போட்டன.

போரின் நடுவிலேயே வானிலையும் தாக்கும். 2008 நவம்பர் கடைசியில் 'நிஷா' புயல் மழை வன்னியில் கொட்டியபோது, அங்கே பெருந்தொகையானவர்கள் ஏற்கெனவே வீடுகளை விட்டுத் தறப்பாள் கொட்டில்களில் இருந்தார்கள். ஓலைக் கூரை வீடாவது இருந்தால் ஒரு மழையைத் தாங்கலாம். அடுத்த ஆண்டு, வவுனியாவில் காட்டை வெட்டி அமைத்த மெனிக் பாம் முகாம்களுக்குள் லட்சக்கணக்கானவர்கள் அடைக்கப்பட்டிருந்தபோது, ஒரு மழைக்கே கூடாரங்களுக்குள் கழிவுநீர் புகுந்தது. இடம்பெயர்ந்தவர்களிடம் புயலைத் தாங்க எதுவும் மிச்சமில்லை. சேமிப்பும் நகையும் மாடும் வழியிலேயே போய்விட்டிருந்தன.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மனிதர் போக முடியாத இடத்தில் இயற்கை தழைப்பதும் உண்டு. கொரியாவைப் பிரிக்கும் 250 கிலோமீட்டர் நீளப் படைவிலக்கு வலயம் இன்று அரிய கொக்குகளின் புகலிடம். வன்னியில் கைவிடப்பட்ட வயல்களைக் காடு மூடியது. கடலில் மீன்பிடித் தடையாலும் எரிபொருள் இல்லாததாலும் வடக்கு மீனவர்கள் கரையிலேயே இருந்தார்கள். ஆனால் இது காப்பாற்றப்பட்ட காடும் அல்ல, கடலும் அல்ல, ஆள் இல்லாததால் கிடைத்த இடைவேளைதான். வடக்கு மீனவர்கள் விலகியிருந்த நீரில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் புகுந்தன. போர் முடிந்து இவர்கள் வலையோடு திரும்பியபோது கடலடியை வழித்தெடுக்கும் மடிகளோடு போட்டி போட வேண்டியிருந்தது. இலங்கை 2017இல் இழுவை மடி முறைக்குத் தடை போட்டது, சண்டை இன்னும் ஓயவில்லை. நிலத்திலும் இழுபறி இருக்கிறது. தாத்தா உழுத வயல் இன்று வனத்துறை வரைபடத்தில் காடு. கொலம்பியாவில் 2016 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு கிளர்ச்சியாளர்கள் விட்டுப்போன அமேசான் பகுதிகளில் காடழிப்பு கூடியது. போருக்குப் பிறகான முதல் சில ஆண்டுகளில் நிலத்தை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யாவிட்டால், பலமுள்ளவர் முடிவு செய்துகொள்வார்.

சட்டம் என்ன சொல்கிறது? ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 கூடுதல் நெறிமுறை, இயற்கைச் சூழலுக்குப் பரவலான, நீண்டகால, கடுமையான சேதம் விளைவிக்கும் போர்முறைகளைத் தடை செய்கிறது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதால் இதில் யாரையும் பிடிப்பது கடினம். குவைத் விஷயத்தில் மட்டும் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் ஈராக்கிடமிருந்து சூழல் சேதத்துக்கும் பணம் வாங்கிக் கொடுத்தது. ஈராக்கிடம் எண்ணெய் வருமானம் இருந்தது, பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளும் ஒன்றாக நின்றன. அந்த அதிர்ஷ்டம் மற்ற நாடுகளுக்கு இல்லை. ராணுவங்கள் வெளியிடும் கரியமில வாயுவைக் கணக்குக் காட்டுவதும் பாரிஸ் ஒப்பந்தத்தில் கட்டாயம் அல்ல, விருப்பம்.

என்னை அதிகம் உறுத்துவது பணம். காலநிலை நிதி, தேவை அதிகம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2021இல் வெளியிட்ட கணக்கில், மிக நலிந்த நிலையில் உள்ள நாடுகளுக்கு ஒரு நபருக்குச் சராசரியாக 2 டாலர் அளவுதான் போயிருந்தது. நிலையான நாடுகளுக்கு 160 டாலருக்கு மேல். நிதி கொடுப்பவர்கள் கேட்பது கணக்கு வழக்கு, ஆபத்து மதிப்பீடு, கையெழுத்துப் போட ஓர் அமைச்சகம். போர் நடக்கும் நாட்டில் இல்லாதவை அவைதாம். 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில் இதை மாற்றுவதாக ஒரு பிரகடனம் வந்தது. பெரிய அமைச்சகத்தைத் தேடாமல், ஊரில் இருக்கும் விவசாயிகள் அமைப்புக்கும் நீர்ச் சங்கத்துக்கும் சிறு தொகைகளை நேரே கொடுக்க முடிந்தால்தான் அதற்கு அர்த்தம்.

கட்டுமானத்துக்கு மட்டும் பணம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரணைமடு இருக்கிறது. கனகராயன் ஆற்றை மறித்து 1900களின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய வடக்கின் மிகப் பெரிய குளம் அது. போருக்குப் பிறகு வெளிநாட்டுக் கடனில் கட்டை உயர்த்தி, வான் கதவுகளைப் புதுப்பித்தார்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருமழை பெய்தது. குளம் தாங்கியது. ஆனால் கதவுகள் திறக்கப்பட்டதும் கீழே உள்ள ஊர்கள் மூழ்கின. முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமே என்று மக்கள் கேட்டார்கள். எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் குளத்துக்கு வரும் என்று தெரிந்தால்தான் எப்போது திறப்பது என்று தெரியும். மேலே காட்டுக்குள் மழைமானிகள், அவற்றைப் படிக்கும் ஆள், நடுராத்திரியில் கீழே இருக்கும் ஊருக்குச் சொல்ல ஒரு தொலைபேசி எண். புதுக் கதவுகளின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கெல்லாம் ஆகும் செலவு மிகச் சிறியது, போருக்குப் பிறகான திட்ட அறிக்கைகளில் கடைசிப் பக்கத்துக்குப் போவதும் இதுதான்.